கையில் ஒட்டும் ஈயம்: பேட்டரிப் பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

என் தாய்மாமா முப்பது வருஷம் பேட்டரிப் பட்டறை நடத்தினார். லாரி, டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லா பேட்டரியும் அங்கே வரும். மேலே அடைத்திருக்கும் தாரைச் சூடாக்கி நெகிழ்த்தி, பிளேட் கட்டை வெளியே இழுத்து, செத்த பிளேட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து ஈயத்தால் பற்றவைப்பார். பாசிட்டிவ் பிளேட்டில் சாக்லேட் நிறப் பூச்சு, நெகட்டிவ் பிளேட்டில் சாம்பல் நிறப் பூச்சு, உயிர் போன பிளேட்டில் வெள்ளைப் படிவு. மூன்றும் ஈயம்தான். அவருடைய விரல் ரேகைகளில் அந்தச் சாம்பல் நிறம் எப்போதும் இருக்கும். மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு அதே கையால் சோறு பிசைந்து சாப்பிடுவார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வயிற்று வலி வந்தது. அல்சர் என்றார்கள், குடல்வால் என்றார்கள். ஈயம்தான் காரணம் என்று தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்கப்புறம்தான் நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இப்போது மாதம் ஒரு முறையாவது ஏதாவது ஒரு பட்டறைக்குப் போய் இதைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈயம் தோல் வழியாக உடம்புக்குள் போகுமா?

எந்த ஈயம் என்பதைப் பொறுத்தது. பேட்டரியில் இருக்கும் உலோக ஈயம், ஈய ஆக்சைடு, ஈய சல்பேட் ஆகியவை காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போவது மிக மிகக் குறைவு. 1980-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் காலத் தலைச்சாயங்களில் கலந்திருந்த ஈய அசிடேட்டுக்குக் கதிரியக்க அடையாளம் வைத்து, மனிதர்கள் மேல் தடவிப் பின்தொடர்ந்தார்கள். உள்ளே போனது சராசரியாக 0.06 சதவீதம். அதாவது பத்தாயிரத்தில் ஆறு பங்கு.

பெட்ரோலில் கலந்துவந்த டெட்ரா எத்தில் ஈயம் போன்ற கரிமச் சேர்மங்கள் அப்படி இல்லை. அவை எண்ணெயைப் போலத் தோலுக்குள் இறங்கிவிடும். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

அப்படியென்றால் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது, சரிதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். பட்டறைகளில் "தோல் வழியாகப் போகாது, பயப்படாதே" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாம் பாதியை நம்பித்தான் என் மாமா கெட்டுப்போனார்.

கையில் இருக்கும் ஈயம் கையோடு நிற்பதில்லை. வாய்க்குப் போகிறது. சோறு, பீடி, வெற்றிலை பாக்கு, டீ கிளாஸின் விளிம்பு, மீசையைத் தடவுவது, நகம் கடிப்பது என்று அதற்கு எத்தனையோ வழி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கையில் 1 மில்லிகிராம் ஈயத் தூசி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, இருபது உப்புத் துகளின் எடைதான். அது தோலில் கிடந்தால் உள்ளே போவது 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. அதுவே வயிற்றுக்குப் போனால் பெரியவர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேரும், அதாவது 100 மைக்ரோகிராம். வெறும் வயிறாக இருந்தால் பாதி வரைகூடச் சேரலாம். ஒரே தூசி, ஒரே கை. தோலில் இருப்பதற்கும் வாய்க்குள் போவதற்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாம்பாரும் சோறும் பிசையும்போது விரல் ரேகையில் இருப்பது, நகக்கண்ணில் இருப்பது எல்லாம் கரைந்து உருண்டையோடு உள்ளே போகிறது. கரண்டியால் சாப்பிடும் ஊர்களில் எழுதப்பட்ட பாதுகாப்புக் குறிப்புகளில் இது அவ்வளவு அழுத்தமாக வருவதில்லை. நமக்கு இதுதான் முதல் விஷயம்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அதுவும் ஈயம்தானே?

இல்லை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு ஓடுகிறது. ரசம் வைக்கும் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயம். பேட்டரியிலும் மீன் வலைக் குண்டிலும் இருப்பது காரீயம். வெள்ளீயம் இந்த மாதிரி நஞ்சு இல்லை. ஆனால் காரீயம் விலை மலிவு என்பதால் சொம்பிலும் பூச்சிலும் அதைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். புளி ஊற்றிக் கொதிக்கவிடும் பாத்திரத்தில் அந்தக் கலப்பு இருந்தால் நேராக ரசத்துக்குள் இறங்கும். சொம்பு வாங்கும்போது தெரிந்த இடத்தில் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.

ஆசிட் பட்டு வெந்த கையில் ஈயம் பட்டால்?

பேட்டரி வேலையில் இதைத் தவிர்க்க முடிவதில்லை. பேட்டரி ஆசிட் என்பது நீர் கலந்த கந்தக அமிலம். பருத்திச் சட்டையில் ஒரு துளி பட்டால் இரண்டு சலவையில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். தோலிலும் அப்படித்தான் அரிக்கிறது. விரல் இடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் சிவந்த திட்டு, பிளேட் ஓரம் கிழித்த கீறல் இல்லாத பேட்டரித் தொழிலாளியை நான் பார்த்ததில்லை.

மேலே சொன்ன 0.06 சதவீதம் எல்லாம் நல்ல தோலுக்கான கணக்கு. தோல் அரிந்தோ வெந்தோ போனால் அந்தத் தடுப்பு போய்விடும். ஈயம் உள்ளே போவது கூடும். எனவே வெட்டுக் காயம், ஆசிட் புண் இருந்தால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு மூடி, மேலே கையுறையும் போட்டுக்கொண்டுதான் பிளேட்டைத் தொட வேண்டும். புண் பெரிதாக இருந்தால் ஆறும்வரை பிளேட் வேலை வேண்டாம். சார்ஜ் போடுவது, கணக்கு எழுதுவது என்று வேறு வேலை பார்க்கலாம்.

வியர்வையில் ஈயம் கரையுமா?

கொஞ்சம் கரையும். 1990-களில் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கையில் ஈய நைட்ரேட்டைத் தடவி மூடிவைத்து, உடம்பின் மற்றப் பகுதியில் சுரந்த வியர்வையைச் சேகரித்துப் பார்த்தபோது அதில் அந்த ஈயம் இருந்தது. ரத்தத்தில் பெரிய உயர்வு தெரியவில்லை. கரையக்கூடிய ஈய உப்பு நல்ல தோல் வழியாகவும் சிறிதளவு போகிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நாள் முழுக்க வியர்த்த உடம்போடு ஈயத் தூசி படிந்த பனியனைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம், அவ்வளவுதான்.

தோலுக்குள் நிஜமாகவே புகும் ஈயம் எது?

டெட்ரா எத்தில் ஈயம். பெட்ரோல் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக அதில் கலந்த திரவம். 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் இந்தப் பயனைக் கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஆயில் ஆலையில் தொழிலாளர்களுக்குத் தூக்கம் போனது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. வெறி பிடித்தவர்களைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். டூபான்ட் நிறுவனத்தின் இன்னொரு ஆலையில், இல்லாத பூச்சிகளைக் காற்றில் விரட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களைப் பார்த்து அந்தக் கட்டடத்துக்கே 'பட்டாம்பூச்சி வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மாதம் 30-ந் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்முன் அந்தத் திரவத்தைத் தன் கைகளில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். முகர்ந்தும் காட்டினார். தினம் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈயத்தால் உடம்பு கெட்டு, வேலையை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்வந்திருந்தார். அந்தக் கைகழுவலை எனக்கு மன்னிக்கவே முடியவில்லை. அப்புறம் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் ஓடியது. இந்தியாவில் 2000-ல் நின்றது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

அப்படியானால் இன்றைக்கு அந்த ஆபத்து இல்லையா?

சாலை வண்டிகளில் இல்லை. பிஸ்டன் எஞ்சின் வைத்த சிறிய விமானங்களுக்கான பெட்ரோலில் இன்னும் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளிகளில் அந்த எரிபொருளை ஊற்றுபவர்களும் எஞ்சின் பிரிப்பவர்களும் அதில் கை நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை கழுவும் திரவமாக அந்தப் பெட்ரோலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இந்த வகை ஈயம் நேராக மூளையைத் தாக்குகிறது. தூக்கமின்மை, கெட்ட கனவு, பதற்றம் என்றுதான் தொடங்கும். இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, சிறுநீரில் ஈயம் பார்க்க வேண்டும்.

பேட்டரி தவிர வேறு எந்த வேலைகளில் இந்தக் கவனம் வேண்டும்?

ரேடியேட்டர் பட்டறை, பழைய பெயின்ட் சுரண்டும் வேலை, எலெக்ட்ரானிக்ஸ் சோல்டரிங், ஈயம் உருக்கி மீன்வலைக் குண்டு வார்ப்பது, பழைய பேட்டரி உடைத்து உருக்குவது, பிவிசி பைப் ஆலையில் ஈய ஸ்டீயரேட் தூள் மூட்டை பிரிப்பது. முன்பெல்லாம் அச்சகங்களில் எழுத்துக் கோப்பவர்களும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள். அந்த அச்செழுத்துகள் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தவை. நாள் முழுக்க விரல் நுனியில் அதுதான்.

உருக்கும் வேலை எதுவானாலும் தோலைவிட மூக்குதான் பெரிய வழி என்பதை மறந்துவிடாதீர்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏறப் புகை கிளம்பும். நுரையீரலின் ஆழத்துக்குப் போன நுண்துகள் ஏறக்குறைய முழுதுமே ரத்தத்தில் சேர்ந்துவிடும். இந்தப் பக்கம் கையைப் பற்றியது என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

கையுறை போட்டால் போதாதா?

போதாது. ஆனால் போட வேண்டும். ஆசிட் வேலைக்கு ஆசிட் தாங்கும் ரப்பர் கையுறை, காய்ந்த பிளேட் வேலைக்கு நைட்ரைல் கையுறை. துணிக் கையுறையும் தோல் கையுறையும் தூசியைக் குடித்து வைத்துக்கொள்ளும். நாலு நாள் கழித்து அதைப் போட்டால் கை வியர்வையோடு ஈயத்திலேயே ஊறும்.

இன்னொன்றையும் எங்கே போனாலும் பார்க்கிறேன். கையுறை போட்ட கையாலேயே போன் எடுத்துப் பேசுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்தப் போன் குழந்தை கைக்குப் போகிறது. ஒரு பட்டறையில் ஒருவருடைய போன் கவரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். உள் விளிம்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் மை மாதிரி கோடு. அவரே அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வேலை நேரத்தில் போனை ஒரு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.

கழற்றும்போது கையுறையின் வெளிப்பக்கத்தை வெறுங்கையால் தொடாமல் உட்புறமாகத் திருப்பிக் கழற்றுங்கள். கழற்றியதும் கை கழுவுங்கள். கையுறை போட்டிருந்தோம் என்பது கழுவாமல் இருக்கக் காரணம் ஆகாது.

கையை எப்படிக் கழுவுவது? சோப்புப் போட்டால் போய்விடுமா?

பெரும்பகுதி போகும், முழுக்கப் போகாது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நையாஷ், பேட்டரி ஆலைத் தொழிலாளர்கள் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிய பிறகும் கையில் ஈயம் மிஞ்சியிருப்பதைக் கண்டது. கையைத் துடைத்த துணியில் ஒரு வேதிப்பொருளைத் தெளித்தால் ஈயம் இருக்கும் இடம் சிவப்பாக மாறும் ஒரு சோதனையையும் அவர்கள் உருவாக்கினார்கள். கழுவிய, பார்க்கச் சுத்தமான கையைத் துடைத்த துணி சிவக்கிறது. ஈயத்தைப் பிடித்து இழுக்கும் பொருட்கள் சேர்த்த தனி வகை ஈரத் துடைப்பான்களும் இதற்காக உண்டு. கிடைத்தால் வாங்குங்கள். சின்னப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது என்று எனக்குத் தெரியும்.

அதனால் கைவசம் உள்ளதை வைத்துச் சரியாகச் செய்வோம். ஓடுகிற தண்ணீர் வேண்டும். வாளியில் முக்கி அலசக் கூடாது, முதல் ஆள் விட்ட ஈயம் பத்தாவது ஆள் கைக்கு வரும். சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரை தேயுங்கள். நகத்துக்கு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், அதை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலசிவிட்டு மறுபடி ஒரு முறை சோப்புப் போடுங்கள். சுத்தமான துணியில் துடையுங்கள். தோளில் கிடக்கும் துண்டு அதற்கு ஆகாது. முகம் கழுவி வாய் கொப்பளித்த பிறகு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதிலும் கை கழுவாதீர்கள். கிரீஸ் போகும், ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து போய்த் தோல் வெடிக்கும். வெடித்த தோல் என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது.

கழுவியும் மனது ஒப்பவில்லையென்றால் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் கரண்டியில் சாப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஈயம் ஏறியிருப்பது உடம்பில் எப்படித் தெரியும்?

ரொம்ப நாள் தெரியாது. அதுதான் இதன் கொடுமை. தெரிய ஆரம்பிக்கும்போது வருவதும் சாதாரணத் தொந்தரவுகள்தான்: களைப்பு, தலைவலி, எரிச்சல், பசியின்மை, மூட்டு வலி, மலச்சிக்கல். அப்புறம் வயிற்றைப் பிசையும் வலி. என் மாமாவுக்கு வந்தது அதுதான். வலி வரும்போது முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு திண்ணையில் சுருண்டு கிடப்பார். ஈய வலியைக் குடல்வால் என்று நினைத்துக் கத்தி வைத்த கதைகள் மருத்துவ உலகில் நிறைய உண்டு. அவருக்கு அது வரை போகவில்லை. ஒரு டாக்டர் மட்டும் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் விஷயம் வெளிவந்தது.

அளவு கூடினால் ரத்தசோகை வரும். ரத்தச் சிவப்பு உருவாகும் வேலையையே ஈயம் இடையில் நிறுத்திவிடுகிறது. மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகலாம். ஈறு ஓரத்தில் நீலக் கோடு சிலருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியாது. மிக அதிகமானால் வலிப்பு, மயக்கம். சத்தமில்லாமல் நடப்பவை ரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரகம் தேய்வதும். இவை குறைந்த அளவு ஈயத்திலேயே தொடங்குகின்றன.

டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் "பேட்டரி வேலை, ஈயம் தொடுகிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் எண்ணைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது?

'ரத்தத்தில் ஈயம்' என்று கேட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது. ஊசியால் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தமாக இருப்பது நல்லது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் ஈயமே கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். இந்தத் தொழிலாளர்கள் விஷயத்தில் இது நிஜமாகவே நடக்கும்.

எண் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்காவில் 3.5 ஆனாலே கூடுதல் என்று பார்க்கிறார்கள். அதே அமெரிக்காவின் 1978 தொழிற்சாலை விதியோ, 60 ஆனாலோ, பல பரிசோதனைகளின் சராசரி 50 ஆனாலோதான் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து கட்டாயமாக விலக்கச் சொல்கிறது. 40-க்குக் கீழே வந்தால் திரும்ப அனுப்பலாமாம். பழைய விதி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "நமக்கு 35-தானே" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

5 என்றால் எவ்வளவு என்று கேட்டால், உடம்பின் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 250 மைக்ரோகிராம். நாலைந்து உப்புத் துகள் எடை.

பால், வெல்லம், வாழைப்பழம் சாப்பிட்டால் ஈயம் இறங்கிவிடுமா?

இறங்காது. தூசி வேலை செய்பவர்களுக்கு வெல்லமும் பழமும் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. அது பசியாற்றும், முறிமருந்து ஆகாது. சாப்பாட்டில் கால்சியமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருந்தால் குடல் ஈயத்தை இழுப்பது குறையும், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாமல் இருந்தாலும் குறையும். எனவே காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கீரை, கேழ்வரகு, பால், மோர் எல்லாம் நல்லது. வெல்லத்தைக் கொடுத்துவிட்டுக் கை கழுவும் குழாய் வைக்காத முதலாளியை மட்டும் நம்பாதீர்கள்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. கால்சியம் ஈடிடிஏ ஊசி, சக்சிமர் மாத்திரை ஆகியவை. அளவு மிக உயர்ந்தவர்களுக்கும் அறிகுறி உள்ளவர்களுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பார்கள். வேலையைத் தொடர்ந்துகொண்டே முன்னெச்சரிக்கையாக அதைச் சாப்பிடுவது ஆபத்து. முதல் மருந்து ஈயத்தைவிட்டு விலகுவதுதான்.

வேலையை விட்டுவிட்டால் ஈயம் போய்விடுமா?

ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கிறது. கால்சியம் என்று நினைத்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே பாதியாகப் பத்து, இருபது வருஷங்கள் ஆகும். எலும்பு தேயும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் அது மறுபடி ரத்தத்துக்கு வரும். என் மாமா பட்டறையை மூடி ஆறு மாதத்தில் வயிற்று வலி நின்றது. ரத்த அழுத்தத்துக்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார்.

கர்ப்பிணிகள் இந்த வேலை செய்யலாமா?

கூடாது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாம் இதனால் வருகின்றன. ஆண்களுக்கும் பங்கு உண்டு. விந்தணு எண்ணிக்கையும் தரமும் குறையும். குழந்தை இல்லை என்று மனைவியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் பேட்டரித் தொழிலாளிகளிடம் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு என்ன ஆபத்து?

பெரியவர்களைவிட அதிகம். குழந்தையின் குடல் விழுங்கிய ஈயத்தில் பாதி வரை இழுத்துக்கொள்ளும். அதுவும் மூளை வளரும் வயது. படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றிலும் அந்த இழப்பு தங்கிவிடும்.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சுர் மெர் என்ற பகுதியில் மக்கள் பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்றார்கள். மூட்டைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

எனவே பட்டறைச் சட்டையும் லுங்கியும் பட்டறையிலேயே இருக்கட்டும். அங்கேயே மாற்றி, முடிந்தால் குளித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். செருப்பும் தனி. வீட்டுக்குக் கொண்டுவந்துதான் துவைக்க வேண்டும் என்றால் கட்டிய பையில் கொண்டுவாருங்கள், உதறாதீர்கள், மற்றத் துணியோடு கலக்காதீர்கள். துவைக்கும் கல்லைக் கழுவிவிடச் சொல்லுங்கள். அந்தச் சட்டையைத் துவைக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். வீட்டு வாசலைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. "அப்பா" என்று ஓடிவரும் குழந்தையைக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் பெயரே ஈய நச்சுதான். பார்த்த மருத்துவரும் முதலாளியும் அறிவிக்க வேண்டும். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்பது அந்தச் சட்டம் வைத்த வரம்பு. அமெரிக்காவில் 1978 முதலே அது 0.05, கலிபோர்னியாவில் 2025 முதல் 0.01. நம் சட்டம் வைத்த அந்த வரம்பு எவ்வளவு தளர்வு என்று நீங்களே பாருங்கள். தோலில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று சொல்லும் எண் எதுவும் அந்தச் சட்டத்தின் வரம்பு அட்டவணையில் இல்லை.

தொழில் நோய்க்கு இழப்பீடு கேட்கும் உரிமையும் ஈய நச்சுக்கு உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் முதலாளியிடம் நேராக. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகள் பற்றிப் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இரண்டு, மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனைப் பட்டறைக்கு இதில் பெரும்பகுதி எட்டுவதில்லை. அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே தட்டில் ஈயம் சாப்பிடுகிறார்கள், என் மாமாவைப் போல.

எங்கள் பட்டறையில் நாளைக்கே என்ன செய்யலாம்? அதிகம் செலவழிக்க முடியாது.

ஒரு குழாய், ஒரு சோப்புக்கட்டி, நகத்துக்கு ஒரு பிரஷ், சாப்பிட வேறு இடம். இடம் இல்லையென்றால் வெளியே மரத்தடி போதும், பிளேட் அடுக்கிய மேஜை மட்டும் வேண்டாம். தண்ணீர்ப் பானைக்கு மூடி. பெருக்குவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பது. காய்ந்த பிளேட்டை உதறாமல் ஈரமாகவே கையாள்வது. 18 வயது ஆகாத பையனை எடுபிடிக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பது. வருஷத்தில் இரண்டு முறை எல்லோரும் சேர்ந்து போய் ரத்தத்தில் ஈயம் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டுகளை ஒரே கோப்பில் போட்டு வைப்பது. எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.